முப்பது எலி, ஒரு எஸ்.ஜி.பி.டி., ஒரு தீசிஸ்

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். எலி என்றாலே முகம் சுளிப்பவர்களும், தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுத்து விட்டு நிம்மதியாக இருக்கும் என் வகுப்புத் தோழர்களும் இப்போதே நடையைக் கட்டலாம். படித்து முடித்த பிறகு போன் போட்டுத் திட்டக் கூடாது :-)

போன வருடம் இதே மாதத்தில் நான் 30 எலிகளைக் கொன்றேன். விஸ்டார் வகை, எல்லாம் ஆண், ஒவ்வொன்றும் 150-லிருந்து 200 கிராம். ஆறு ஆறாக ஐந்து குரூப். முதல் குரூப்புக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதுக்கு ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும். மூன்றாவது, நான்காவதுக்கு அதே மாத்திரைகளோடு ஒரு இலையின் சாறு, குறைந்த டோஸிலும் கூடிய டோஸிலும். ஐந்தாவதுக்கு மாத்திரையோடு சிலிமரின். 28 நாள் காலையில் எழுந்து போய் வாய் வழியாக ஊசிக் குழாய் விட்டு மருந்து ஊற்றினேன். 29-ஆம் நாள் ரத்தம் எடுத்து, கல்லீரலை எடுத்து, மிச்சத்தைக் கருப்புப் பையில் போட்டுக் கட்டினேன். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, ரிஜிஸ்டர், கையெழுத்து எல்லாம் பக்கா.

முடிவு என்ன தெரியுமா? மாத்திரை கொடுத்த எலிகளுக்கு ரத்தத்தில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ஏ.எல்.பி. மூன்றும் ஏறின. இலைச்சாறு கொடுத்த எலிகளுக்கு இறங்கின. ஆகவே இந்த இலை கல்லீரலைக் காக்கும். முற்றும்.

இந்த முடிவை நான் எலியைத் தொடுவதற்கு முன்பே எழுதியிருக்கலாம். சொல்லப் போனால் எழுதித்தான் வைத்திருந்தேன். சீனியரின் தீசிஸ் என் கணினியில் இருந்தது, இலையின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். இந்தியாவில் உயிர்வேதியியலும் பார்மசியும் சொல்லித் தரும் ஏதாவது ஒரு கல்லூரி நூலகத்தில் நுழைந்து பச்சை, மெரூன் அட்டை போட்ட தீசிஸ் வரிசையைப் புரட்டிப் பாருங்கள். மாத்திரை அதே. எலி அதே. நொதி அதே. இலை மட்டும் வேறு.

இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலானவை அறிவியலே இல்லை, சடங்கு என்பதுதான் என் கட்சி. சடங்குக்கு உயிர்ப்பலி கொடுக்கிறோம். அந்தப் பலியின் பலன் ஆய்வகத்தோடு நிற்பதும் இல்லை. என் அத்தை கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த நொதிகள் என்னவென்று பார்த்து விடுவோம். வேறு பாடம் படிக்கும் நண்பர்களும் படிப்பீர்கள் அல்லவா. ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. (நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று இருக்கும்) இரண்டும் செல்லுக்குள் இருந்து வேலை பார்க்க வேண்டியவை. ரத்தத்தில் அவற்றுக்கு எந்த வேலையும் கிடையாது. செல் உடைந்தாலோ சவ்வு கசிந்தாலோ வெளியே வந்து விடும். குழாய் உடைந்தால் தெருவில் தண்ணீர் ஓடுகிற மாதிரி. தெருவில் ஓடும் தண்ணீரை அளந்து விட்டு "குடிநீர் வாரியத்தின் செயல்திறன்" என்று யாராவது தலைப்பு வைப்பார்களா? நாம் வைக்கிறோம். "கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை" என்றே பெயர். கல்லீரல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், பிலிருபின் எல்லாம் பார்க்க வேண்டும். நொதி சொல்வது கசிவை மட்டும்தான்.

அந்தக் கசிவும் கல்லீரலிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? ஏ.எஸ்.டி. இதயத்தில் இருக்கிறது, தசையில் இருக்கிறது, சிவப்பணுவில் இருக்கிறது. 1950-களின் நடுவில் இந்தச் சோதனை மருத்துவத்துக்குள் நுழைந்ததே மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான். ரத்தம் எடுக்கும்போது எலி துள்ளி, சிவப்பணுக்கள் உடைந்தால் சீரம் இளஞ்சிவப்பாக வரும், ஏ.எஸ்.டி. தானாக ஏறும். ஏ.எல்.பி. கதை இன்னும் தமாஷ். எலி ரத்தத்தில் இருக்கும் ஏ.எல்.பி.-யில் பெரும்பங்கு குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. எலி சாப்பிட்டால் ஏறும், பட்டினி கிடந்தால் இறங்கும். கசப்பான சாற்றை ஊற்றியதால் எலி இரண்டு வாய் தீனி குறைத்துத் தின்றாலே ஏ.எல்.பி. இறங்கி விடும். நாம் "பித்தநாள அடைப்பு சரியானது" என்று எழுதுவோம். ஒவ்வொரு கூண்டிலும் தீனி எவ்வளவு குறைந்தது என்று தினமும் எடை போட்டவர் எத்தனை பேர்? நான் போடவில்லை.

இன்னும் ஒன்று. தீசிஸ் முடிந்து மூன்று மாதம் கழித்து இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏ.எல்.டி. வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும், அதுதான் அதன் துணைக்காரணி. ஐசோனியசிட் என்ன செய்யும்? பி6-ஐப் பிடித்துக் கொண்டு செயலிழக்க வைக்கும். அதனால்தான் டி.பி. நோயாளிகளுக்கு பி6 மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆக நாம் பரிசோதிக்கும் மருந்தே நாம் அளக்கும் நொதியின் காலை வாரி விடுகிறது. சோதனைக் குழாயில் பி6-ஐத் தனியாகச் சேர்க்காவிட்டால் கிடைக்கும் எண் குறைவாகக் காட்ட வாய்ப்பு இருக்கிறது. எங்கள் லேபில் இன்றைக்கும் செய்வது 1957-ல் ரைட்மனும் ஃபிராங்கெலும் கொடுத்த நிறமுறை. அதில் பி6 சேர்க்கும் படி இல்லை. 28 நாள் ஐசோனியசிட் ஊற்றியிருக்கிறோம், இந்தக் கேள்வியை வைவாவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன், அது வேறு விஷயம்.

சரி, இப்போது எலிக்கு வருவோம்.

டோஸ் அதிகம் என்று சிலர் குற்றம் சொல்வார்கள். அந்தப் பழியை நான் போட மாட்டேன். மனிதனுக்கு ஐசோனியசிட் கிலோவுக்கு 5 மி.கி., ரிஃபாம்பிசின் 10 மி.கி. உடல் பரப்பளவுக் கணக்கில் எலிக்கு மாற்றினால் சுமார் 6 மடங்கு, அதாவது 30-ம் 60-ம். வழக்கமாக நாம் கொடுக்கும் 50-ம் 50-ம் அப்படி ஒன்றும் அநியாயம் இல்லை. கோளாறு வேறு இடத்தில்.

ரிஃபாம்பிசின் மனிதக் கல்லீரலில் செய்யும் முக்கியமான கூத்து, பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியைத் தட்டி எழுப்பி சைட்டோகுரோம் பி450 நொதிகளை, குறிப்பாக 3ஏ4-ஐ, எக்கச்சக்கமாகத் தயாரிக்க வைப்பது. டி.பி. மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போவது இதனால்தான். இந்த ஏற்பியை 1998-ல் கண்டுபிடித்தார்கள். எலிக்கும் அது இருக்கிறது. ஆனால் எலியின் பி.எக்ஸ்.ஆர். ரிஃபாம்பிசினைச் சட்டையே செய்யாது! வேறொரு ஸ்டீராய்டுக்குத் துள்ளிக் குதிக்கும், ரிஃபாம்பிசினுக்குத் தூங்கும். மனிதனும் முயலும் ஒரு கட்சி, எலியும் சுண்டெலியும் எதிர்க்கட்சி. சுண்டெலிக்கு மனித பி.எக்ஸ்.ஆர். மரபணுவைப் பொருத்திய பிறகுதான் அது ரிஃபாம்பிசினுக்கு மனிதனைப் போல நடந்து கொண்டது. இது 2000-லேயே வெளியான சமாசாரம். இருந்தும் ஒவ்வொரு தீசிஸ் முன்னுரையிலும் "ரிஃபாம்பிசின் பி450-ஐத் தூண்டி ஐசோனியசிட்டின் நச்சை அதிகமாக்குகிறது" என்று எழுதி விட்டு அடுத்த பத்தியில் சாதா விஸ்டார் எலியைக் கொண்டு வந்து நிறுத்துகிறோம்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் விலங்குகள் கைவிட்டதற்குப் பெரிய உதாரணம் டிரோவாஃப்ளாக்சசின். அமெரிக்காவில் 1997 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 1999 ஜூனில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. கல்லீரல் பாதிப்பு என்று நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள், அதில் 14 பேருக்குக் கல்லீரலே செயலிழந்தது. சாதாரண ஆரோக்கியமான எலிக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்கள் (மிச்சிகன் ஸ்டேட், இரண்டும் வேறு வேறு) ஒரு வேலை செய்தார்கள். பாக்டீரியாவின் நச்சைக் கொஞ்சம் கொடுத்து எலிக்கு லேசான அழற்சி உண்டாக்கி, அதன் மேல் மருந்தைக் கொடுத்தார்கள். கல்லீரல் நொறுங்கியது. அதே வகையைச் சேர்ந்த லீவோஃப்ளாக்சசினைக் கொடுத்தால் நொறுங்கவில்லை. பாருங்கள், இது எலி ஆய்வு. ஆனால் கேள்வியோடு போன எலி ஆய்வு. ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவன் நோயாளி, அவன் உடம்பில் ஏற்கெனவே தீ இருக்கிறது என்று யோசித்திருக்கிறார்கள்.

அதனால் நான் எல்லா விலங்கு ஆய்வையும் மூடச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். குளோராம்ஃபெனிகால் பி450-ஐ முடக்குகிறது என்று விலங்குகளில்தான் தெரிந்தது. அதைக் கொடுத்து விட்டு பென்டோபார்பிடால் மயக்க ஊசி போட்டால் விலங்கு அசாதாரணமாக நீண்ட நேரம் தூங்கும். கால்நடை மருத்துவர்கள் இன்றும் அதை மனதில் வைத்துத்தான் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். நான் மட்டன் பிரியாணி சாப்பிடுகிறவன்தான். "எலிக்காகக் கண்ணீர் விடுகிறாயே, ஆட்டுக்கு?" என்று கேட்கக் காத்திருக்கும் நண்பன் அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக் கொள்ளவும். ஆடு சாப்பாடாகவாவது ஆனது. என் 30 எலி என்ன ஆனது?

இப்போது இலைக்கு வருகிறேன். என் கோபத்தில் முக்கால்வாசி இங்கேதான்.

மாத்திரையையும் இலைச்சாற்றையும் ஒரே எலியின் வயிற்றில், ஒரே காலையில் ஊற்றுகிறோம். நொதி ஏறவில்லை. இலை கல்லீரலைக் காத்து விட்டது என்கிறோம். ஒரு சின்ன சந்தேகம்: மாத்திரை ரத்தத்துக்குள் போனதா? ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுமே உணவோடு சேர்ந்தால் உறிஞ்சப்படுவது குறையும், அதனால்தான் வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்கிறார்கள். டானின் நிறைந்த ஒரு கெட்டியான சாறு குடலில் மருந்தைத் தடுத்து நிறுத்தினால் என்ன ஆகும்? கல்லீரலுக்கு ஆபத்து இருக்காது. டி.பி. கிருமிக்கும் ஆபத்து இருக்காது! மருந்தே போகாவிட்டால் பக்க விளைவு எங்கிருந்து வரும்? தாவரப் பொருள் மருந்தின் அளவை மாற்றும் என்பது என் கற்பனை இல்லை. மிளகில் இருக்கும் பிப்பரின் ரிஃபாம்பிசினின் ரத்த அளவைக் கூட்டுகிறது என்று ஜம்மு ஆய்வகம் காட்டியது. 450 மி.கி.-க்குப் பதில் 200 மி.கி. ரிஃபாம்பிசின் போதும் என்று பிப்பரின் சேர்த்து இந்தியாவில் மாத்திரையே வந்தது. ஒரு செடி கூட்டும் என்றால் இன்னொன்று குறைக்காதா? இலைச்சாற்று எலிகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருந்தது என்று அளந்தால் போதும், குட்டு வெளிப்பட்டு விடும். என் தீசிஸில் அளக்கவில்லை. நான் புரட்டிய எந்த சீனியர் தீசிஸிலும் அளக்கவில்லை. அந்த எலிகளுக்கு டி.பி.-யும் கிடையாது, ஆக மருந்து வேலை செய்ததா என்று தெரியவும் வழி இல்லை.

இப்போது அத்தை.

என் அப்பாவின் தங்கை. நுரையீரல் டி.பி. அரசு மருந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார். இரண்டாவது மாதம் பசி இல்லை, குமட்டல். பக்கத்து ஊரில் ஒருவர் மூலிகைப் பொடி விற்கிறார். அவர் கொடுத்த நோட்டீஸில் "டி.பி. மாத்திரையால் வரும் ஈரல் கெடுதலைத் தடுக்கும் என்று ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று அச்சடித்திருந்தது. "மாத்திரை சூடு, கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கம்மா, பொடி ஈரலைச் சரி பண்ணட்டும்" என்றாராம். அத்தை மூன்று வாரம் மாத்திரையை நிறுத்தி விட்டு, பொடியை மட்டும் சாப்பிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கண் மஞ்சளாகி, ஏ.எல்.டி. 300-ஐத் தாண்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மஞ்சள் மாத்திரையாலா, பொடியாலா? டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, நொதி இறங்கும் வரை காத்திருந்து, மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். அத்தை பிழைத்துக் கொண்டார். மருந்து தொடங்கி, விட்டு, தொடங்கி என்று இழுத்தால் கிருமிக்கு மருந்து எதிர்ப்பு வருமோ என்ற பயத்தில் வீடே பல மாதம் தூங்கவில்லை.

நான் ஊருக்குப் போனபோது அத்தை அந்த நோட்டீஸைக் காட்டி, "நீயும் இதைத்தானேப்பா படிக்கிறே, இதுல எழுதியிருக்கிறது நெசமா?" என்று கேட்டார். ஆராய்ச்சி என்று அதில் குறிப்பிட்டிருந்தது ஆறு ஆறாகப் பிரித்த எலிகள். என் தீசிஸின் ஒன்றுவிட்ட சகோதரன். "எலிக்கு நெசம் அத்தை" என்று சொல்லி மழுப்பி விட்டு வந்தேன்.

எலிக்காவது நிஜமா? குற்றவாளிக் கூண்டில் முதலில் நானே ஏறுகிறேன். கூடிய டோஸ் குரூப்பில் ஒரு எலிக்கு ஏ.எல்.டி. மாத்திரை மட்டும் சாப்பிட்ட எலிகளின் அளவுக்கே ஏறியிருந்தது. சீனியர் எட்டிப் பார்த்து விட்டு "அது அவுட்லையர், தூக்கிடு" என்றார். தூக்கினேன். மாத்திரை குரூப்பில் இரண்டு சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது, அவற்றின் ஏ.எஸ்.டி. எக்கச்சக்கம். அதைத் தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது நமக்குச் சாதகமான பக்கம் சாய்ந்திருந்தது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தது, டீ வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கூண்டு எந்தக் குரூப் என்று தெரிந்து கொண்டே ரத்தம் எடுத்தேன், ஸ்லைடு பார்த்தவருக்கும் குரூப் பெயர் எழுதியே கொடுத்தேன். குலுக்கல் முறையில் பிரிப்பது, யார் எந்தக் குரூப் என்று மறைத்து அளப்பது எல்லாம் 2010-ல் வந்த அரைவ் நெறிமுறையிலேயே இருக்கிறது. படித்திருக்கிறோம். பரீட்சைக்கு.

இந்தக் கல்லீரல் பிரச்சினை மனிதர்களிடம் நேராகக் கேட்டுத் தெரிந்து கொள்ள முடியாததா என்றால், அதுவும் இல்லை. நம் சென்னையிலேயே செய்தார்கள். 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சேத்துப்பட்டில் இருக்கிறது, 2011-லிருந்து தேசிய நிறுவனம். 1986-ல் அவர்கள் தென்னிந்திய நோயாளிகளின் சிகிச்சையில் கல்லீரல் பாதிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அதே வருடம், ஐசோனியசிட்டை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு ரிஃபாம்பிசினும் சேர்த்துக் கொடுத்தால் ஹைட்ரசின் என்ற நச்சுப் பொருளாகப் பிரியும் பங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். எதை வைத்து? மனிதரின் சிறுநீரை வைத்து! ஒரு உயிர் போகவில்லை. ஹைட்ரசினா, நோயெதிர்ப்பு மண்டலத்தின் கோபமா எது முக்கியக் காரணம் என்ற சண்டை இன்று வரை ஓய்ந்தபாடில்லை, ஆனால் அது சண்டை போடத் தகுந்த சண்டை. ஐசோனியசிட் சாப்பிடுபவர்களில் 10-லிருந்து 20 சதவீதம் பேருக்கு ஏ.எல்.டி. கொஞ்சம் ஏறி, மாத்திரையைத் தொடர்ந்தாலும் தானாக இறங்கி விடும் என்பதும் மனிதர்களைப் பார்த்துத் தெரிந்ததுதான். கல்லீரல் பழகிக் கொள்கிறது. அப்படியென்றால் 29-ஆம் நாள் ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தில் ஏறியிருக்கும் ஏ.எல்.டி. நோயா, பழகிக் கொள்ளும் வழியில் ஒரு கட்டமா? எலி செத்து விட்டது, 40-ஆம் நாள் யாரிடம் கேட்பது?

"டெக்னிக் கத்துக்க வேண்டாமா?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ரத்தம் எடுக்கவும் நொதி அளக்கவும் கற்க வேண்டும்தான். அதற்கு ஒவ்வொரு மாணவனுக்கும் புதிதாக 30 எலி வேண்டுமா? தவளை அறுக்காமல் விலங்கியல் வராது என்றார்கள். 2014-ல் யு.ஜி.சி. நிறுத்தச் சொன்னது, விலங்கியல் துறைகள் இழுத்து மூடப்பட்டு விடவில்லை. ஒரு துறையில் பத்துப் பேர் ஒரே மாத்திரையை வைத்துச் செய்கிறார்கள் என்றால் ஆளுக்கொரு கன்ட்ரோல் குரூப் எதற்கு? சேர்ந்து ஒரே ஆய்வாக, ஒரே கேள்வியோடு, மருந்தின் ரத்த அளவையும் சேர்த்து அளந்தால் ஆகாதா? ஆகாது, ஏனென்றால் பத்து தீசிஸ் வேண்டும், பத்துக் கட்டுரை வேண்டும், பத்துப் பேர் பெயர் வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி படிவத்தில் இது முன்பே செய்யப்பட்டதா, மறுபடி ஏன் என்று ஒரு கேள்வி இருக்கிறது. "இந்த இலையில் இதுவரை செய்யப்படவில்லை" என்று எழுதினேன். உண்மைதான். நம் நாட்டில் இலைக்கா பஞ்சம்.

போன வியாழக்கிழமை விலங்குக் கூடத்துப் பக்கம் போனேன். புதிதாகக் கூண்டுகள் அடுக்கியிருந்தன. மரத்தூள் மாற்றிக் கொண்டிருந்த அண்ணனிடம் யாருடையது என்று கேட்டேன், ஜூனியர் பையன் பெயரைச் சொன்னார். கேன்டீனில் அவனைப் பிடித்து என்ன ப்ராஜெக்ட் என்று விசாரித்தேன். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், ஐந்து குரூப், 28 நாள். எந்த இலை என்றேன்.

"இன்னும் முடிவு பண்ணலண்ணா. எலி வந்துடுச்சு, இலை இந்த வாரத்துல பார்க்கணும்."